கழுத்து நெறியும் ஸ்கேனும்: வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிடி, பெட் ஸ்கேன் எடுக்கிற அறையில் பல வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியெல்லாம் கையில் ஊசி ஏற்றுகிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வெளியே வரும். ஒரே சந்தேகத்தை வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள் என்பதால் எழுதி வைக்க ஆரம்பித்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பதில்கள் வாய், நாக்கு, தொண்டை, குரல்வளைப் புற்றுகளுக்கானவை. தைராய்டு புற்றின் கணக்கு வேறு. அதை இங்கே சேர்க்கவில்லை. உங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, உங்கள் படத்தையும் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துல நெறி கட்டியிருக்கு சார். அப்படின்னா கேன்சர் பரவிடுச்சா?

நெறி என்று நாம் சொல்வது வீங்கிய நிணநீர் முடிச்சு. உடம்பு முழுக்க இருக்கிற சில நூறு முடிச்சுகளில் கிட்டத்தட்ட முந்நூறு கழுத்தில் மட்டுமே இருக்கின்றன. சொத்தைப் பல், தொண்டைப் புண், தலையில் சொறி என்று எது வந்தாலும் பக்கத்தில் இருக்கிற முடிச்சு வீங்கும். அது அதன் வேலை. நம் ஊரில் காசநோயாலும் கழுத்தில் வரிசையாக நெறி கட்டும். பழைய ஆட்கள் கண்டமாலை என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் வலி இல்லாமல், கல் மாதிரி கெட்டியாக, இரண்டு மூன்று வாரம் தாண்டியும் வற்றாமல் வளர்கிற நெறியை, அதுவும் புகையிலை, வெற்றிலைப் பாக்கு, பீடி பழக்கம் உள்ளவருக்கு வந்தால், விட்டுவைக்கக் கூடாது. வாயிலோ தொண்டையிலோ புற்று என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டவருக்கு நெறி இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அப்போதும் அது சந்தேகம்தான். அதைத் தீர்க்கத்தான் கீழே சொல்கிற சோதனைகள்.

புண்ணு இருக்கிறது நாக்குல. கழுத்தை எதுக்குப் படம் எடுக்கிறீங்க?

நாக்கு, கன்னம், தொண்டை எல்லாவற்றின் நிணநீரும் வடிந்து போகிற இடம் கழுத்து. புற்றணுக்கள் புண்ணிலிருந்து பிரிந்தால் அந்த நீரோடு போய் முதலில் இந்த முடிச்சுகளில்தான் மாட்டிக்கொள்ளும். நுரையீரல், எலும்பு எல்லாம் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். கழுத்து முடிச்சில் நோய் இருந்தால் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல வருஷமாகவே சொல்லிவருகிறார்கள். அதனால் புண் எவ்வளவு பெரிசு என்று பார்க்கிற அதே அக்கறையோடு கழுத்தையும் பார்க்கிறார்கள். எவ்வளவு அறுவை, கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) எத்தனை நாள், கீமோ உண்டா இல்லையா என்பதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகிறது.

ரிப்போர்ட்டில் வரும் 'லெவல்' என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஸ்டேஜ் இல்லை, வெறும் முகவரி. 'லெவல் 4' என்று படித்துவிட்டு நாலாம் ஸ்டேஜ் என்று அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முகவாய்க்கும் தாடைக்கும் கீழே இருப்பது லெவல் 1. கழுத்தின் பக்கவாட்டில் பெருஞ்சிரையை ஒட்டி மேலிருந்து கீழாக 2, 3, 4. பின்கழுத்துப் பக்கம் 5. நடுக்கழுத்தில் தைராய்டைச் சுற்றி 6. நாக்கிலும் கன்னத்திலும் வரும் புற்று பெரும்பாலும் 1, 2, 3-க்குப் போகும். மூக்குக்குப் பின்னால் வரும் புற்று 2, 5 என்றும், தொண்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முடிச்சுகளுக்கும் போகும். நாக்கின் அடிப்பகுதி மாதிரி நடுவில் இருக்கிற புண் இரண்டு பக்கமும் போகலாம்.

டாக்டர் கையால அழுத்திப் பார்த்து ஒண்ணும் இல்லைன்னாரு. அப்புறம் எதுக்கு ஸ்கேன்?

கைக்கு எட்டாத இடங்கள் கழுத்தில் நிறைய. தடித்த கழுத்து, ஏற்கெனவே கரண்ட் வைத்து இறுகிப்போன கழுத்து, பக்கவாட்டுத் தசைக்கு அடியில் இருக்கிற முடிச்சு இவையெல்லாம் அனுபவமுள்ள விரலையும் ஏமாற்றும். தொண்டைக்குப் பின்னால் இருக்கிற முடிச்சை யாராலும் தொடவே முடியாது. தவிர, ஸ்கேன் கழுத்துக்காக மட்டும் இல்லை. புண் எவ்வளவு ஆழம், தாடை எலும்பைத் தொட்டிருக்கிறதா என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும்.

அல்ட்ராசவுண்ட், சிடி, எம்.ஆர்.ஐ., பெட். இதுல எது பெஸ்ட்?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. விலை கூடின ஸ்கேன் நல்ல ஸ்கேன் என்ற நினைப்பு இதற்குள் இருக்கிறது. அப்படி இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

அல்ட்ராசவுண்ட் மலிவு, கதிர்வீச்சு இல்லை, கழுத்து முடிச்சின் உள்ளமைப்பை நுணுக்கமாகக் காட்டும். எல்லாவற்றையும் விட, பார்த்துக்கொண்டே ஊசி போட்டு அணு (செல்) எடுக்கலாம். குறை என்னவென்றால் எலும்புக்கும் காற்றுக்கும் பின்னால் இருப்பது தெரியாது. பார்க்கிறவர் கையைப் பொறுத்தது. கான்ட்ராஸ்ட், அதாவது படத்தைப் பளிச்சென்று காட்டுகிற மருந்து, ஊசியில் போட்டு எடுக்கிற சிடி ஒரு நிமிஷத்துக்குள் தலையிலிருந்து மார்பு வரை காட்டிவிடும், எலும்பு தெளிவாகத் தெரியும். நம் பக்கம் அதிகம் வருவது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் புகையிலை ஒதுக்கி வைக்கிற இடத்துப் புற்று. அதற்குப் படம் எடுக்கும்போது "கன்னத்தை உப்பிப் பிடிங்க, எச்சில் விழுங்காதீங்க" என்று சொல்வோம். ஒட்டிக்கிடக்கும் கன்னமும் ஈறும் அப்போதுதான் பிரிந்து தெரியும். விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

எம்.ஆர்.ஐ. நாக்கு மாதிரி மெத்தென்ற சதை, நரம்பு வழியாகப் பரவுவது, தொண்டைக்குப் பின்னால் இருக்கிற முடிச்சு இவற்றுக்கு நல்லது. பல்லில் உலோக அடைப்பு இருந்து சிடியில் கோடு கோடாக அடித்தாலும் பல சமயம் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும். ஆனால் இருபது முப்பது நிமிஷம் அசையாமல் படுக்க வேண்டும். எச்சிலை விழுங்க முடியாமல் தவிக்கிற நோயாளிக்கு அது பெரிய சோதனை. பெட் சிடி முடிச்சின் உருவத்தோடு அதன் சர்க்கரைப் பசியையும் காட்டும். நோய் முற்றியிருக்கும்போது மார்பு, வயிறு, எலும்பு எல்லாம் ஒரே முறையில் பார்க்கவும், சிகிச்சை முடிந்தபிறகு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும் அதுதான் வேண்டும். சின்னப் புண்ணோடு முதல் தடவை வருகிற எல்லோருக்கும் அது தேவையில்லை.

ரிப்போர்ட்ல 12 மி.மீ.னு போட்டிருக்கு. அது பெரிசா, சின்னதா?

எந்தப் பக்கத்து அளவு என்பதைப் பொறுத்தது. முடிச்சு அவரைக்கொட்டை மாதிரி. நீளம் ஒன்று, குறுக்களவு ஒன்று. பெரும்பாலான ரேடியாலஜிஸ்டுகள் (ஸ்கேன் படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்கள்) குறுக்களவைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கழுத்தில் பொதுவாக 10 மி.மீ. தாண்டினால் சந்தேகம், காதுக்குக் கீழே லெவல் 2-இல் மட்டும் 11 மி.மீ. வரை விட்டுக்கொடுப்பார்கள், ஏனென்றால் அங்கே எல்லோருக்குமே முடிச்சு கொஞ்சம் தடிப்பாக இருக்கும். தொண்டைக்குப் பின்னால் இருப்பதற்கு 5 மி.மீ. தாண்டினாலே கண் வைப்பார்கள். உங்கள் 12 மி.மீ. நீளவாக்கு அளவு என்றால் பயப்பட ஒன்றும் இல்லாமலும் போகலாம்.

அளவை மட்டும் நம்புவதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 6 மி.மீ. முடிச்சுக்குள் புற்று இருக்கலாம். சொத்தைப் பல்லால் வீங்கிய 15 மி.மீ. முடிச்சில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். எல்லையைக் குறைத்து வைத்தால் சும்மா இருப்பவர்களையும் பயமுறுத்துவோம், ஏற்றி வைத்தால் நோயைத் தவறவிடுவோம். அதனால்தான் வடிவம், உள்ளமைப்பு என்று அடுத்த கேள்வியில் வருவதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

'நெக்ரோசிஸ்', 'ஹைலம் தெரியவில்லை', 'கேப்சூலைத் தாண்டி'... இதெல்லாம் என்ன பாஷை?

நல்ல முடிச்சின் நடுவில் கொழுப்பாலான ஒரு தொப்புள் இருக்கும். ரத்தக்குழாய் அது வழியாகத்தான் உள்ளே போகும். அதுதான் ஹைலம். புற்று உள்ளே நிரம்பினால் அந்தத் தொப்புள் மறைந்து, அவரைக்கொட்டை கோலிக்குண்டாக உருண்டுவிடும். நெக்ரோசிஸ் என்றால் முடிச்சின் நடுப்பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்துக் கூழாகிவிட்டது என்று அர்த்தம். வாய்ப்புற்று இருக்கிறவருக்கு நடுவில் இப்படித் தெரிந்தால், அளவு சின்னதாக இருந்தாலும் அது புற்று என்பதற்கு வலுவான அடையாளம். ஆனால் காசநோய் நெறியும் இதே வேஷம் போடும். நம் ஊர் ரேடியாலஜிஸ்டுகள் இரண்டையும் சேர்த்தே எழுதுவது அதனால்தான், குழப்பத்தால் அல்ல.

கேப்சூல் என்பது முடிச்சின் மேல்தோல். அதைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியே போயிருந்தால் ஓரம் பிசிறடித்துத் தெரியும், பக்கத்துக் கொழுப்பு கலங்கியிருக்கும். இது முக்கியமான செய்தி. 2018 முதல் புழக்கத்தில் இருக்கும் எட்டாம் பதிப்பு ஸ்டேஜ் கணக்கில் பெரும்பாலான தலை, கழுத்துப் புற்றுகளுக்கு இதையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் அறுவைக்கு முன்னால் படத்தில் சந்தேகமாகத் தெரிவது மட்டும் போதாது. தோலைப் பிடித்திருக்கிறது, அசையாமல் ஒட்டியிருக்கிறது என்று டாக்டர் கைக்கும் தெரிய வேண்டும்.

பெட் ஸ்கேன் ரூம்ல பேசக்கூடாது, போனும் பாக்கக்கூடாதுன்னு ஏன் திட்டறீங்க?

திட்டுகிற ஆள் நானேதான், மன்னிக்கணும். பெட் ஸ்கேனுக்கு ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரை. எந்த அணு அதிகம் உழைக்கிறதோ அது அதிகம் இழுத்துக்கொள்ளும். ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் நீங்கள் அரட்டை அடித்தால் நாக்கும் குரல்நாணும் உழைக்கும், படத்தில் அவை மின்னும். நாங்கள் தேடுவதே நாக்கிலும் தொண்டையிலும் என்னும்போது இது எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். சூயிங் கம், பாக்கு எதுவும் மெல்லக் கூடாது. போனைக் குனிந்து பார்த்தால் கழுத்துத் தசை.

போர்வை கொடுப்பதும் அதற்காகத்தான். ஏசி குளிரில் உடம்பு நடுங்கினால் கழுத்திலும் தோள்பட்டைக்கு மேலும் இருக்கிற பழுப்புக் கொழுப்பு சூடு உண்டாக்க ஆரம்பித்துச் சர்க்கரையை இழுக்கும். படத்தில் அது வரிசையாக முடிச்சுகள் மாதிரியே தெரியும். வேர்த்தாலும் பரவாயில்லை, போர்த்திக்கொள்ளுங்கள்.

எனக்குச் சுகர் இருக்கு, கிரியேட்டினினும் கொஞ்சம் கூட. ஸ்கேன் எடுக்கலாமா?

பெட் ஸ்கேனுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு; தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் உங்கள் சொந்தச் சர்க்கரையே எங்கள் சர்க்கரையோடு போட்டி போட்டுப் படம் மங்கிவிடும். அதற்காக வருகிற வழியில் நீங்களாக இன்சுலின் போட்டுக்கொண்டு வராதீர்கள். நாங்கள் ஏற்றுகிற சர்க்கரையெல்லாம் தசைக்குப் போய்விடும். காலை முதல் ஆளாக நேரம் கேளுங்கள், மாத்திரையை என்ன செய்வது என்று முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள்.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு. அந்த விஷயம் சிடிக்கான கான்ட்ராஸ்ட் மருந்தைப் பற்றியது. அதில் அயோடின் இருக்கிறது, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாகவே மந்தமாகியிருந்தால் மெட்பார்மின் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள், அல்லது வேறு ஸ்கேனுக்கு மாற்றுவார்கள். முன்பு எப்போதாவது கான்ட்ராஸ்ட் ஊசியால் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் படிவத்தில் எழுதினால் மட்டும் போதாது, வாய்விட்டும் சொல்லுங்கள். படிவத்தைக் கூட வந்தவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் அதிகம்.

பெட்ல கழுத்து முடிச்சு மின்னுது. அப்ப கேன்சர்தானே, இன்னும் என்ன சந்தேகம்?

மின்னுவது சர்க்கரைப் பசி. புற்றுக்கு அந்தப் பசி உண்டு. சீழுக்கும், காசநோய்க்கும், பிடுங்கின பல்லின் குழிக்கும், நேற்று எடுத்த பயாப்சிக் (சோதனைக்குச் சதை எடுத்த) காயத்துக்கும் கூட உண்டு. கையில் தடுப்பூசி போட்டால் அந்தப் பக்கத்து அக்குள், காறை எலும்புக்கு மேலே இருக்கிற முடிச்சுகள் சில வாரம் மின்னும். கொரோனா தடுப்பூசி போட்ட காலத்தில் இதனால் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்தவருக்கு, அதையும் சேர்த்து உழைக்கிற நல்ல குரல்நாண்தான் மின்னும்.

அதனால் சமீபத்தில் பல் பிடுங்கினது, காய்ச்சல், ஊசி, பழைய காசநோய் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையையே மாற்றப்போகிற முடிச்சு என்றால், மின்னினாலும் ஊசி போட்டு அணு எடுத்து உறுதி செய்வதுதான் முறை.

எஸ்.யு.வி. 4.2னு இருக்கு. எவ்வளவுக்கு மேல போனா ஆபத்து?

எஸ்.யு.வி. என்பது ஒரு இடம் எவ்வளவு சர்க்கரையை இழுத்தது என்பதற்கான எண். ஆபத்துக்கு என்று அப்படி ஒரு கோடு கிடையாது. 2.5 என்ற எண் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது, ஆனால் மெஷின், உடல் எடை, அன்றைய சுகர், ஊசிக்குப் பின் காத்திருந்த நேரம் எல்லாம் அந்த எண்ணை ஏற்றி இறக்கும். ஒரே இடத்தில் ஒரே மாதிரி எடுத்த இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட அது உதவும். பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு ஒப்பிட உதவாது.

பெட்லயும் ஒண்ணும் மின்னல, சிடியிலயும் ஒண்ணும் இல்ல. ஆனாலும் கழுத்தையும் ஆபரேஷன் பண்ணணும்ங்கிறாங்க. காசுக்காகவா?

இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும். கோபம் நியாயம். பதில் கொஞ்சம் நீளம்.

எந்த ஸ்கேனுக்கும் ஒரு பார்வை எல்லை உண்டு. பெட் மெஷின் பிரித்துக் காட்டுவது சுமார் 4, 5 மி.மீ. வரைதான். முடிச்சுக்குள் 2 மி.மீ.க்கும் குறைவான புற்றுத் துணுக்கு இருந்தால் அது எந்தப் படத்திலும் தெரியாது, நுண்ணோக்கியில்தான் தெரியும். படத்தில் சுத்தமாக இருந்த கழுத்தை அறுத்துப் பார்த்தால், வாய்ப்புற்றில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு உள்ளே நோய் ஒளிந்திருக்கிறது. செத்துக் கூழான முடிச்சும் மின்னாமல் ஏமாற்றும், ஏனென்றால் சர்க்கரை தின்ன அங்கே உயிரோடு அணுவே அதிகம் இல்லை.

கழுத்தை, அதாவது அங்கே இருக்கிற முடிச்சுகளை, முதலிலேயே எடுப்பதா, பின்னால் நெறி வந்தால் எடுப்பதா என்று பல காலம் உலகம் முழுக்க வாதம் நடந்தது. பதில் வந்தது மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையிலிருந்து. ஆரம்ப நிலை வாய்ப்புற்று, கழுத்தில் நெறி இல்லை என்ற நிலையில் இருந்த 500 பேரின் முடிவுகளை 2015-இல் வெளியிட்டார்கள். முதலிலேயே கழுத்தையும் எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து எடுத்தவர்களில் 67.5 சதவீதம். இது சின்ன வித்தியாசம் இல்லை. புண் மிக மெலிதாக, ஆழம் ஓரிரு மி.மீ. மட்டும் இருந்தால் கழுத்தை விட்டுவைத்துக் கண்காணிப்பதும் உண்டு. "புண்ணோட ஆழம் எத்தனை மி.மீ.?" என்று டாக்டரிடம் கேளுங்கள், நல்ல கேள்வி அது.

முழுக் கழுத்தையும் எடுக்காம ஒரே ஒரு முடிச்சை மட்டும் எடுத்துப் பாக்கலாம்னு சொல்றாங்களே?

சென்டினல் முடிச்சு, அதாவது காவல்கார முடிச்சைச் சொல்கிறார்கள். சின்ன வாய்ப்புற்று, கழுத்தில் படத்திலும் கையிலும் ஒன்றும் இல்லை என்றால், புண்ணைச் சுற்றி டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் போடுவார்கள். அது நிணநீரோடு ஓடி எந்த முடிச்சில் முதலில் நிற்கிறதோ அதைக் காமராவில் படம் எடுத்து, ஆபரேஷனில் அதை மட்டும் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நோய் இல்லை என்றால் மீதிக் கழுத்து தப்பித்தது. பழகின டாக்டரும் அணுமருத்துவப் பிரிவும் பேத்தாலஜியும் (திசுவை நுண்ணோக்கியில் பார்க்கிற பிரிவு) ஒரே இடத்தில் வேண்டும் என்பதால் எல்லா ஊரிலும் கிடைக்காது.

நெறியில ஊசி போட்டா, கத்தி பட்டா கேன்சர் பரவும்ங்கிறாங்க. ஊசி போடலாமா?

கத்தி பட்டால் பரவும் என்று சொல்லிச் சொல்லியே கையை மீறிப்போன நோயாளிகள் எத்தனையோ. அணு எடுக்கப் பயன்படுத்துவது ரத்தம் எடுக்கிற ஊசி அளவு, பல சமயம் அதைவிட மெலிது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே குத்துவார்கள். இதனால் புற்று பரவுவது நடைமுறையில் கவலைப்படத் தேவையில்லாத அளவு அபூர்வம். தேவையான அணு கிடைக்காமல் மறுபடி கூப்பிடலாம். அதற்கு நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. வாயையும் தொண்டையையும் சரியாகப் பார்க்காமல், கழுத்து நெறியை மட்டும் நேராக அறுத்து எடுத்துச் சோதிப்பது நல்லதல்ல. பின்னால் செய்யவேண்டிய பெரிய ஆபரேஷனை அந்தத் தழும்பு சிக்கலாக்கும், திசுக்கட்டு உடைந்து நோய் சிந்தவும் வாய்ப்பு உண்டு. முதலில் ஊசி, அதில் தெரியாவிட்டால் கொஞ்சம் பெரிய ஊசி, கடைசியில்தான் கத்தி.

கழுத்து நெறியில கேன்சர்னு வந்திருக்கு. ஆனா வாயில, தொண்டையில எங்கயும் புண்ணே இல்ல. எப்படி?

மூலம் சின்னதாக எங்கோ ஒளிந்திருக்கிறது. டான்சில், நாக்கின் அடிப்பகுதி இரண்டும் நல்ல மறைவிடங்கள். இந்த இடத்தில் பெட் சிடியை முதலில் எடுப்பது முக்கியம். குழாய் விட்டுப் பார்த்து அங்கங்கே சதை எடுத்த பிறகு எடுத்தால், முன்பு சொன்ன மாதிரி அந்தக் காயமெல்லாம் மின்னி எது மூலம் என்று தெரியாமல் போகும். நெறி இருக்கிற லெவலும் துப்பு கொடுக்கும். காறை எலும்புக்கு மேலே இடது பக்கம் மட்டும் இருந்தால் வயிறு, நுரையீரலையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி: நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்குக் கழுத்தில் நீர்க்கட்டி மாதிரி ஒன்று தெரிந்து, 'பிறவிக் கட்டி' என்று சொல்லி அனுப்பிவிடுவது. எச்.பி.வி. வைரஸால் வரும் டான்சில் புற்றின் நெறி நீர்க்கட்டி போலவே இருக்கும். அந்த வயதில் புதிதாக வந்த நீர்க்கட்டியை ஊசி போட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

கரண்ட் வச்சு முடிச்சு ஆறு வாரம் ஆச்சு. நிம்மதிக்கு இப்பவே ஒரு பெட் எடுத்துடலாமா?

நிம்மதிக்கு எடுத்து, இருந்த நிம்மதியையும் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு வாரத்தில் கழுத்து முழுக்க ரணம். ரணம் மின்னும். பொதுவாக 12 வாரம் கழித்து எடுப்பதே வழக்கம். நடுவில் புதுக் கட்டி, ரத்தம், வலி என்று ஏதாவது வந்தால் அது வேறு; அப்போது காத்திருக்கக் கூடாது.

பிரிட்டனில் 564 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியான 'பெட்-நெக்' ஆய்வு இந்தப் 12 வாரக் கணக்கை உறுதியாக்கியது. கழுத்து நெறி பெரிதாக இருந்து கீமோவும் கரண்டும் எடுத்தவர்களுக்கு, கழுத்தைக் கட்டாயம் அறுப்பதற்குப் பதிலாகப் பெட் எடுத்துப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் அறுத்தார்கள். இரண்டு கூட்டத்திலும் உயிரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய சமம். ஆனால் கட்டாயம் அறுக்கிற கூட்டத்தில் 221 கழுத்து ஆபரேஷன். பெட் பார்த்த கூட்டத்தில் 54. ஒரு ஸ்கேன் இத்தனை பேரைக் கத்தியிலிருந்து காப்பாற்றிய கதை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நான் பார்க்கிற வேலையில் கொஞ்சம் பெருமைப்படுகிற இடம் இது.

பெட் கிளியர்னு சொல்லிட்டாங்க. ஆனா நெறி கைக்கு இன்னும் தட்டுதே?

செத்த திசு ஒரு நாளில் கரைந்துவிடாது. அளவில் சுருங்கி, மின்னாமல் இருக்கிற மிச்சம் பெரும்பாலும் தழும்புதான். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், கூழான முடிச்சு மின்னாது என்று மேலே சொன்னேனே, அதுதான். சில ரிப்போர்ட்டுகளில் 'நை-ராட்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். 1 என்றால் நோய் இருக்கும் அடையாளம் இல்லை. 2 என்றால் லேசான சந்தேகம். பொதுவாகச் சில மாதத்தில் மறுபடி பார்க்கலாம், அல்லது இன்னொரு சோதனை. 3 என்றால் பலத்த சந்தேகம், பயாப்சி எடுக்க வேண்டும். 4 என்றால் நோய் திரும்பிவிட்டது உறுதி. இதையும் ஸ்டேஜோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன்ல ஒரு நெறின்னாங்க. இப்ப பயாப்சி ரிப்போர்ட்ல 34-ல 3-ன்னு இருக்கு. ஸ்கேன் தப்பா?

தப்பு இல்லை, எட்டவில்லை. எடுத்த 34 முடிச்சுகளையும் வெட்டி நுண்ணோக்கியில் பார்த்ததில் மூன்றில் நோய் இருந்திருக்கிறது. ஒன்று படத்தில் தெரிகிற அளவுக்கு வளர்ந்திருந்தது, மற்ற இரண்டும் வளரவில்லை. இதனால் ஸ்டேஜ் மாறும், கரண்ட் சேர்க்கலாம்; மேல்தோலைத் தாண்டியிருந்தால் கரண்டோடு கீமோவும் சேர்ப்பார்கள். எதிர்ப்பக்கமும் நடக்கும்: படத்தில் சந்தேகப்பட்ட நெறி கடைசியில் வெறும் வீக்கம் என்று வரும். எப்படி இருந்தாலும் நுண்ணோக்கியின் கணக்குத்தான் கடைசிக் கணக்கு. எண்ணின முடிச்சுகள் 18-க்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்தை முறையாக எடுத்திருப்பதற்கு அது ஒரு அடையாளம்.

இத்தனை ஸ்கேன் எடுத்தா, அந்தக் கதிர்வீச்சே இன்னொரு கேன்சரைக் கொண்டு வராதா?

கழுத்து சிடி ஒன்றின் கதிர்வீச்சு சுமார் 3 மில்லிசீவர்ட். இயற்கையாகவே ஒரு வருஷத்தில் நம்மேல் படுவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெட் சிடி அதைவிடப் பல மடங்கு. ஆபத்து பூஜ்யம் இல்லை. ஆனால் ஐம்பது வயதில் கழுத்தில் புற்று இருக்கிறவருக்கு, இருபது வருஷம் கழித்து வரலாம் என்கிற அந்தச் சின்ன ஆபத்தைவிட, இன்றைக்குத் தெரியாமல் போகிற நெறியின் ஆபத்து மிகப் பெரிது. தேவையில்லாமல் மூன்று மாதத்துக்கு ஒரு பெட் கேட்பதுதான் தவறு. பெட் ஊசி போட்ட அன்று சில மணி நேரம் கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளி இருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மருந்தின் வீரியம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும்.

அதே சிடியை ரெண்டு டாக்டர்கிட்ட காட்டினேன். ஒருத்தர் நெறி இருக்குங்கிறார், ஒருத்தர் இல்லைங்கிறார். யாரை நம்புறது?

9 மி.மீ. முடிச்சில் இரண்டு நல்ல ரேடியாலஜிஸ்டுகள் வேறு மாதிரி சொல்வது சகஜம். எல்லைக்கோட்டில் நிற்கிறது அது. பெரும்பாலும் வித்தியாசம் கண்ணில் இல்லை, கையில் கிடைத்த தகவலில் இருக்கும். ஸ்கேன் சீட்டில் 'கழுத்து சிடி' என்று மட்டும் எழுதி அனுப்பினால் படிப்பவருக்கு என்ன தெரியும்? 'இடது நாக்கில் புண், பயாப்சியில் புற்று, போன மாதம் பல் பிடுங்கினது' என்று இருந்தால் அவர் எங்கே உற்றுப் பார்க்க வேண்டுமோ அங்கே பார்ப்பார்.

இன்னொன்று, பிலிமைச் சுருட்டிக்கொண்டு போகாதீர்கள். பிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள்தான். முழுப் படமும் இருக்கிற சிடி தட்டையோ பென்டிரைவையோ கேட்டு வாங்குங்கள், கொடுக்கத்தான் வேண்டும். பழைய ஸ்கேன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் 9, இப்போதும் 9 என்றால் அது ஒரு பதில், 5 இருந்தது 9 ஆகியிருந்தால் அது வேறு பதில். இவற்றோடு, ஆபரேஷன், கரண்ட், ஸ்கேன் டாக்டர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற டியூமர் போர்டு இருக்கிற மருத்துவமனைக்குப் போய், "எங்க கேஸை அதில் வைப்பீங்களா?" என்று கேளுங்கள். அங்கேயும் தீரவில்லை என்றால் அந்த 9 மி.மீ. முடிச்சில் ஒரு ஊசி போட்டுவிடுவார்கள்.